துருவம் சூடானால் காற்றின் வாட்டம் குறையும்

வாய்க்காலில் வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் நேராக ஓடிப் பாயும். வாட்டம் குறைந்த இடத்தில் அதே தண்ணீர் வளைந்து நெளிந்து போகும், சில இடத்தில் தேங்கி நிற்கும். நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான்.

வானத்திலும் இப்படி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஐரோப்பா, ரஷ்யா, வட அமெரிக்கா இருக்கும் பகுதிக்கு மேலே, சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக பூமியையே சுற்றி ஓடும் வேகக் காற்று அது. ஜெட் காற்று என்று பெயர். அந்த நாடுகளில் மழையையும் வெயிலையும் ஓரிடத்தில் நிற்கவிடாமல் நகர்த்திக்கொண்டு போவது இதுதான்.

இந்த வாய்க்காலுக்கு வாட்டம் எது? வெப்ப வித்தியாசம். தெற்கே சூடு, வட துருவத்தில் கடுங்குளிர். வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, காற்றுக்கு அவ்வளவு வேகம்.

இப்போது தரைக்கு அருகே அந்த வித்தியாசம் குறைந்து வருகிறது. 1979-லிருந்து ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைவிட ஏறக்குறைய 4 மடங்கு வேகமாகச் சூடாகியிருக்கிறது. முக்கியமான ஒரு காரணம் பனி. வெள்ளைப் பனி தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி உருகிக் கடல்நீர் வெளியே தெரிந்தால், 90 சதவீதத்துக்கு மேல் அதுவே குடித்துக்கொள்ளும். கடல் சூடாகும், மேலும் பனி உருகும். நான் வங்கியில் பார்த்த வட்டிக்கு வட்டி மாதிரிதான்.

வாட்டம் குறைந்தால் ஜெட் காற்று தளர்ந்து பெரிய வளைவுகளாக ஓடும், வெயிலோ மழையோ ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும் என்று விஞ்ஞானிகளில் ஒரு சாரார் சொல்றாங்க. ஆதாரம் போதாது என்று இன்னொரு சாரார் மறுக்கிறாங்க. விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் வானிலை அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை 2010 காட்டிவிட்டது. அந்தக் கோடையில் ஜெட் காற்று வளைந்து நின்றதால், மேற்கு ரஷ்யாவில் வாரக்கணக்கில் வெயில் நகரவே இல்லை. மாஸ்கோவில் 38 டிகிரியைத் தாண்டியது. முந்தைய ஆண்டு சுமார் 9.7 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் 6.1 கோடி டன்னாகச் சரிந்தது. ஆகஸ்ட் 15 முதல் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். உலகச் சந்தையில் விலை ஏறியது. அதே வளைவின் கிழக்குப் பக்கம் பாகிஸ்தான். அங்கே வடக்கிலிருந்து இறங்கிய காற்று பருவமழை ஈரத்தோடு சேர்ந்து கொட்டித் தீர்த்தது. வெள்ளத்தில் சுமார் 2 கோடி பேர் பாதிக்கப்பட்டார்கள்.

இதற்காக நம்ம ஊரில் மழை பிசகினால் உடனே துருவத்தின் மேல் பழி போட வேண்டாம். நம் பருவமழைக்குச் சுற்றியுள்ள கடல்களின் சூடு உட்பட வேறு பல காரணங்கள் உண்டு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: சராசரி மழையளவை நம்பி ஏமாறக் கூடாது. 300 மில்லிமீட்டர் மழை ஒரு மாதம் பரவிப் பெய்வதும், மூன்றே நாளில் கொட்டுவதும் கணக்கில் ஒன்றுதான். பயிருக்கு ஒன்றல்ல.

அதனால் இரண்டுக்கும் தயாராக இருப்போம். தேங்கும் மழைக்கு வடிகால், நிற்கும் வெயிலுக்கு மூடாக்கு, இரண்டையும் தாங்க மக்கு நிறைந்த மண். கூடவே கலப்புப் பயிர். மொத்த நிலத்திலும் ஒரே பயிர் வைப்பது, இருக்கிற பணத்தையெல்லாம் ஒரே ஆளுக்குக் கடன் கொடுப்பது மாதிரி. அவர் நொடித்தால் நாமும் நொடித்தோம்.