கதவுக்குக் கீழே ஒரு காவல்!



சமையல் குறிப்பு, கைவேலை, குழந்தை வளர்ப்பு என்று சகோதரிகள் எழுதுகிற இந்தப் பகுதியில், நான் நட்டு, போல்ட்டு, இரும்புக் குழாய் பற்றி எழுதப் போகிறேன். 'இது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அந்த வண்டியில் உட்கார்ந்து போவது நாமும் நம் பிள்ளைகளும்தானே!

எனக்குச் சொந்த ஊர் மதுரை. கல்யாணமாகி, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கத்தில் குடியிருக்கிறோம். கணவரைச் சார்ந்து வந்த விசா என்பதால் நான் வேலைக்குப் போக முடியாது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்து விட்டு, 'எந்த டப்பாவில் எந்தப் பருப்பு' என்பதோடு என் அறிவு நின்று விட்டதோ என்று பல நாள் கலங்கியிருக்கிறேன். என் நிலையில் இங்கே எத்தனையோ தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள்.

கொலராடோவில் ராக்கி மலைத்தொடர் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெள்ளி, தங்கச் சுரங்கங்களுக்காகப் போட்ட கரடுமுரடான மலைப் பாதைகள் இன்றும் உள்ளன. லெட்வில் என்ற சுரங்க ஊருக்குப் பக்கத்திலுள்ள மஸ்கிட்டோ கணவாய் 13,000 அடிக்கு மேல். நம் தொட்டபெட்டா 8,650 அடி என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! கோடையில் பனி உருகியதும், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி உள்ளவர்கள் குடும்பத்தோடு கிளம்பி விடுவார்கள். என் கணவருக்கும் அந்த ஆசை உண்டு. எங்களுடையது 2014 மாடல் டொயோட்டா ஃபோர்ரன்னர். பழசாக வாங்கியதுதான்.

2022 கோடையில் இப்படி ஒரு பாதையில் போனபோது, ஒரு பாறையில் வண்டியின் வயிறு இறங்கி விட்டது. கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறுவதற்கு ஒரு படி இருக்குமே, அது மேலே மடங்கி, கதவுக்கு அடியிலுள்ள தகட்டையும் உள்ளே தள்ளி விட்டது. பின் கதவு திறக்கவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் ஆறு வயது மகளை இந்தப் பக்கக் கதவு வழியாக இழுத்து இறக்கினேன். 'ஒருவேளை இரண்டு பக்கமும் இப்படி ஆகியிருந்தால்?' என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. தகட்டைச் சரி செய்ய ஒரு பட்டறையில் 2,800 டாலர் கேட்டார்கள்.

அழகுப் படி வேறு, காவல் குழாய் வேறு!

கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுப் பகுதியை இங்கே ராக்கர் பேனல் என்கிறார்கள். கதவு நிற்கிற நிலையின் வாசற்படி மாதிரி அது. வாசற்படி வளைந்தால் கதவு சாத்துமா? இங்கேயும் அதே கதைதான்.

கம்பெனி கொடுக்கிற கால்படி, வண்டியின் மேல் கூட்டோடு மாட்டப்பட்டது. ஆள் ஏறினால் தாங்கும். வண்டியின் எடையே பாறை மேல் இறங்கினால் தாங்காது. 'ராக் ஸ்லைடர்' என்பது கனமான எஃகுக் குழாய். அது மேல் கூட்டைத் தொடாமல், வண்டியின் முதுகெலும்பான சேசிஸோடு இணைகிறது. பாறையில் இடித்தால் அந்த எடையைச் சேசிஸ் வாங்கிக் கொள்ளும். குழாய் பாறை மேல் வழுக்கிக் கொண்டு போய் விடும். தகடும் கதவும் தப்பிக்கும்.

இதில் இரண்டு வகை. சேசிஸில் வெல்டிங் வைத்து ஒட்டுவது ஒன்று. அது தேர்ந்த வெல்டர் செய்ய வேண்டிய வேலை. இன்னொன்று, தகடும் போல்ட்டும் வைத்து இறுக்குவது. இதைக் கழற்றலாம், வேறு வண்டிக்கு மாற்றலாம், அதனால் பழசும் விலைக்கு வரும். புதுசு ஆயிரம் டாலருக்கு மேல். எனக்குப் பழசு 400 டாலருக்குக் கிடைத்தது.

பழசு வாங்கும்போது...

விற்றவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணி. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை விற்கப் போவதால் கழற்றி வைத்திருந்தார். 'யார் கழற்றிக் கொடுத்தார்கள்?' என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்து விட்டு, 'நான்தான். மாட்டியதும் நான்தான்' என்றார். எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது, சகோதரிகளே!

பழைய பாத்திரக்கடையில் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அது போல அவரே எனக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். குழாயைத் தரையில் கிடத்தி, நேரான கட்டையை மேலே வைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்து விடும். குழாயும் கையும் சேருகிற வெல்டிங்கில் தலைமுடி போல விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மேலே துரு இருந்தால் தேய்க்கலாம். குழாய்க்குள்ளிருந்து துரு பொடியாகக் கொட்டினால் வாங்கக் கூடாது. பிடிப்புத் தகடுகள் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

முக்கியமாக, நம் வண்டிக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். ஃபோர்ரன்னரில் சில வண்டிகளுக்கு மட்டும் கே.டி.எஸ்.எஸ். என்று, வண்டி ஒரு பக்கமாகச் சாயாமல் தடுக்கிற ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன் பாகம் டிரைவர் பக்கத்துச் சேசிஸில் உட்கார்ந்திருப்பதால், அந்தப் பக்கத்துக்குத் தனி அமைப்பிலான ஸ்லைடர் வேண்டும். எங்கள் வண்டியில் அது இல்லை என்று முதல் நாளே வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து வைத்திருந்தேன்.

போல்ட்டுகளைச் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, எது எந்த இடம் என்று அந்த டீச்சரம்மா சீட்டு எழுதி வைத்திருந்தார். ஒரு சீட்டில் மட்டும் சிவப்பு மையில், 'பிரேக் குழாயைப் பார்' என்று எழுதியிருந்தது.

அத்தையின் கவலை

அப்போது என் மாமியார் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். நான் பழைய சுடிதார் மாட்டிக் கொண்டு கராஜில் உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்ப்பதைப் பார்த்து, 'ஏம்மா, பொம்பளப் புள்ள வண்டிக்கு அடியில படுத்தா, பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?' என்றார். 'இங்க யாரு அத்தை நம்மள பார்க்கப் போறா?' என்று சிரித்துக் கொண்டே வேலையைத் தொடர்ந்தேன்.

இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமலிருக்க மெக்னீசியம் குளோரைடு கரைசல் தெளிக்கிறார்கள். இரும்புக்கு அது எமன். ஆகவே, கம்பி பிரஷால் தேய்த்து, துடைத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு கறுப்புப் பெயின்ட் இரண்டு தடவை அடித்தேன். இதற்கே இரண்டு நாள் ஆயிற்று.

மாட்டுகிற நாளில் என் கணவரும் கூட வந்தார். ஒரு ஸ்லைடர் 25 கிலோவுக்கு மேல். நிறைந்த காஸ் சிலிண்டரை விடக் கொஞ்சம்தான் குறைவு. ஒருவர் தூக்கக் கூடாது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். நான்கு சக்கரமும் தரையிலேயே இருந்தன. வெறும் ஜாக்கியில் நிற்கிற வண்டிக்கு அடியில் யாருமே போகக் கூடாது. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் முட்டுத் தாங்கி வைத்த பிறகுதான். கண்ணில் துரு விழாமல் கண்ணாடி போட்டுக் கொண்டேன். வளையலைக் கழற்றி, தாலிக்கொடியை உள்ளே செருகி, முடியைக் கொண்டை போட்டேன்.

நசுங்கிய பழைய படியை முதலில் கழற்றினோம். பிறகு ஸ்லைடரைத் துண்டு சுற்றிய ஜாக்கி மேல் வைத்து, மெதுவாகச் சேசிஸ் வரை உயர்த்தினோம். எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, தளர்வாக விட்டோம். ஒன்றை முதலிலேயே முழுதாக இறுக்கினால், மற்ற ஓட்டைகள் நேருக்கு நேர் வராது. ரவிக்கைக்குக் கை வைத்துத் தைக்கும்போது முதலில் குண்டூசி குத்தி வைப்போமே, அதே முறைதான்.

ஸ்லைடருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டோம். மேல் கூடு சேசிஸ் மேல் ரப்பர் வைத்து உட்கார்ந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் அது ஆடும். இடைவெளி இல்லாவிட்டால் காவலே தகட்டைக் குத்தி விடும்.

'நிறுத்துங்க!'

டிரைவர் பக்கம் வந்தோம். சேசிஸைச் சுற்றிப் பிடிக்கிற 'யு' வடிவப் போல்ட்டை மாட்டி, இவர் ஸ்பேனரைத் திருப்ப ஆரம்பித்தார். எனக்குச் சிவப்பு மைச் சீட்டு நினைவுக்கு வந்தது. 'நிறுத்துங்க!' என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தால், சேசிஸின் உள்பக்கத்தை ஒட்டி ஓடுகிற மெல்லிய பிரேக் குழாய், அந்தப் போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டிக் கொள்ள நூலளவுதான் பாக்கி.

இன்னும் நாலு சுற்று இறுக்கியிருந்தால் குழாய் நசுங்கியிருக்கும். அல்லது நசுங்காமல் உரசிக் கொண்டே இருந்து, என்றைக்கோ ஒரு மலை இறக்கத்தில் பிரேக் எண்ணெய் ஒழுகியிருக்கும். இவர் முகம் வெளுத்து விட்டது. 'நீ பார்க்கலேன்னா...' என்று சொல்ல வந்தவர், முடிக்கவில்லை. போல்ட்டைக் கழற்றி, குழாய்க்குப் பின்னால் படாதபடி நுழைத்து மறுபடி மாட்டினோம். கடைசியில் குழாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவே என் சுண்டு விரல் தாராளமாகப் போய் வந்தது.

இன்னொரு வாக்குவாதமும் நடந்தது. 'பழைய நட்டே நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் புதுசு?' என்றார். அந்த நட்டுக்குள் ஒரு நைலான் வளையம் இருக்கிறது. தளராமல் பிடிப்பது அதுதான். ஒரு தடவை இறுக்கிக் கழற்றினால் அதன் பிடிப்பு குறைந்து விடும். குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் அதையே போட்டுச் சமைப்போமா? புது நட்டுகளும், அதே தரத்துப் புதுப் போல்ட்டுகளும் 40 டாலர்தான் ஆயின.

இறுக்குவதற்கு 'டார்க் ரெஞ்ச்' என்றொரு கருவி. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை வைத்தால், அந்த இடம் வந்ததும் 'டிக்' என்று சொல்லி விடும். இங்கே உதிரிபாகக் கடைகளில் டெபாசிட் கட்டினால் இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பி விடும். எவ்வளவு இறுக்குவது என்பதை ஸ்லைடர் செய்தவர்கள் தந்த தாளில் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கைப் பழக்கத்தில் இறுக்கக் கூடாது. அதிகம் இறுக்கினால் போல்ட் இழுபட்டு, பிறகு ஒரு நாள் அறுந்து போகும். விசையும் தூரமும் பெருக்கினால் திருப்புவிசை என்று கல்லூரியில் எழுதிப் பாஸ் செய்தேன். அதைக் கையில் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

நூறு மைல் ஓடிய பிறகு மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். இரண்டு நட்டுகள் கால் சுற்று திரும்பின. புதிதாக மாட்டிய எதுவும் ஓட ஓடத்தான் உட்காரும். இந்த இரண்டாவது சோதனையைப் பலர் விட்டு விடுகிறார்கள்.

2023 ஆகஸ்ட்டில் மறுபடி மலைக்குப் போனோம். ஓரிடத்தில் 'கர்ர்ர்' என்று பாறை உரசியது. இறங்கிப் பார்த்தால் ஸ்லைடரில் பெயின்ட் மட்டும் ஒரு முழ நீளத்துக்குப் போயிருந்தது. நான் முதலில் செய்தது, பின் கதவைத் திறந்து பார்த்ததுதான். தடங்கலில்லாமல் திறந்தது. மகள் 'என்னம்மா?' என்று கேட்டாள். 'ஒண்ணுமில்லடா கண்ணு' என்றேன்.

என் மாமியாருக்கு முழங்கால் வலி. உயரமான வண்டியில் ஏறச் சிரமப்படுவார். இப்போது அந்தக் குழாய் மேல் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறி விடுகிறார். ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம், 'எங்க மருமக மாட்டினதாக்கும்!' என்று அவர் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

நம் ஊர் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வண்டிக்கு வெளியே எதையாவது மாட்டுவதற்கு முன், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். முன்னால் மாட்டுகிற பம்பர் கம்பிகள் சட்ட விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. சேசிஸில் துரு அரித்து ஓட்டை இருந்தாலோ, வெல்டிங் தேவைப்பட்டாலோ, தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

எல்லோரும் ஸ்பேனர் எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால், நீங்கள் உட்காருகிற வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் குனிந்து பாருங்கள். மெக்கானிக் ஏதாவது மாட்டினால், 'எதில் மாட்டினீங்க? புது நட்டா? பிரேக் குழாய் உரசாதா?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. படித்த படிப்பு வீணாகி விட்டது என்று நினைக்கிற தோழிகளுக்கும் சொல்கிறேன்: அது எங்கேயும் போகவில்லை. வேலை ஒன்று கையில் வந்தால் தானாக எழுந்து வந்து நிற்கும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
டென்வர், அமெரிக்கா.