கணித்தமிழ் மாநாடுகளும் கல்விக் கண்காட்சிகளும்

ஊர்தோறும் திருவிழா உண்டு. திருவிழாதோறும் கடைவீதியும் உண்டு. சென்றவர் எதைக் கண்டார், எதைக் கொண்டு வந்தார் என்பது அவரவர் நோக்கத்தைப் பொறுத்தது. ஆண்டுதோறும் பல நகரங்களில் நடைபெறும் கல்வித் தொழில்நுட்ப மாநாடுகளும் அத்தகையனவே. அரங்கினுள் அறிஞர்தம் ஆய்வுரைகள் நிகழும். வெளியே நிறுவனங்கள் தத்தம் கருவிகளையும் மென்பொருள்களையும் பரப்பி வைத்திருக்கும். இவற்றால் தமிழ் பயிலும் மாணவருக்கும் தமிழ் பயிற்றும் ஆசிரியருக்கும் விளையும் பயன் யாது? இவ்வினாவிற்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மொழிக்கென்றே நடைபெற்றுவரும் தமிழ் இணைய மாநாடுகளின் வரலாறே அதற்கு விடை தரும்.

தோற்றம்

1997ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரில் முதல் மாநாடு கூடியது. அதனை முன்னின்று நடத்தியவர் பேராசிரியர் நா. கோவிந்தசாமி. இரண்டாம் மாநாடு 1999ஆம் ஆண்டு பிப்ரவரி 7, 8 ஆகிய நாட்களில் தமிழக அரசின் ஆதரவில் சென்னையில் நடைபெற்றது. 2000ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரில் கூடிய அறிஞர்கள், உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றத்தை நிறுவினர். ‘உத்தமம்’ என்னும் சுருக்கப் பெயரால் அது வழங்குகிறது. இடையில் சில ஆண்டுகள் தடைப்பட்டாலும், கோலாலம்பூர், கலிபோர்னியா, ஜெர்மனியின் கொலோன், கோயம்புத்தூர், டொரன்டோ எனத் தமிழர் வாழும் இடங்களையும் தமிழ் பயிலப்படும் இடங்களையும் நாடி இம்மாநாடு சென்றது. பிற்கால மாநாடுகளில் ஆய்வரங்கத்துடன் கண்காட்சியும், பொதுமக்கள் கண்டும் கேட்டும் கற்கும் மக்கள் அரங்கமும் இடம்பெற்றன.

எழுத்துக் குழப்பம்

அறிஞர்கள் இவ்வாறு கூடிப் பேச வேண்டிய தேவை யாது? கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். அக்காலக் கணிப்பொறியில் எழுத்துகளுக்கென 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய இடங்களில் தமிழை அடக்க வேண்டியிருந்தது. எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதற்குப் பொதுவிதி இல்லாமையால், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக் கொண்டது. ஒருவர் ‘அ’ வைத்த இடத்தில் மற்றொருவர் ‘கூ’ வைத்தார்.

விளைவு யாதெனின், ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்த கட்டுரையை மற்றோர் இடத்தில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. எழுத்துரு மாறினால் மொழியே மாறிவிட்டது போன்ற நிலை! 1990களில் எத்தனையோ ஆய்வேடுகளும் கல்லூரி மலர்களும் இவ்வாறு தட்டச்சு செய்யப்பட்டன. தாளில் அச்சான படி இருப்பதால் அவற்றுட் பல பிழைத்தன; வட்டில் மட்டும் இருந்தவை எழுத்துரு கிடைக்காமல் படிக்க இயலாதவையாயின.

1999இன் பயன்

சென்னை மாநாட்டின் பயனாக மூன்று நன்மைகள் விளைந்தன. முதலாவது, தாம், தாப் என்னும் பொதுக் குறியீட்டு முறைகள். தாம் தமிழுக்கு மட்டும் உரியது. தாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதற்குரியது. இரண்டாவது, ‘தமிழ் 99’ விசைப்பலகை. இதில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்து வரிசைகள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. தமிழ் இலக்கணமே இதன் அடிப்படை. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் போதும்; ஒரே மெய் இரட்டித்து வரும்போது முதல் எழுத்திற்குப் புள்ளி தானே அமையும். ‘ங’வை அடுத்துக் ‘க’ வரினும் அவ்வாறே. நன்னூல் பயின்ற மாணவனுக்கு இன எழுத்து எளிதில் விளங்குவது போல, இவ்விசைப்பலகையும் எளிதில் விளங்கும்.

மூன்றாவது, தமிழ் இணையப் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அது தொடங்கப்பெற்றது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் பாடங்களையும் மின்னூலகத்தையும் வழங்கி வருகிறது. முன்னதாக 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் சங்க நூல்கள் முதல் சீறாப்புராணம் வரை இணையத்தில் ஏற்றி வைத்துள்ளது.

ஒருங்குறி

எனினும், 256 இடங்களுக்குள் எத்தனை காலம் நெருக்கியடித்து வாழ்வது? உலக மொழிகள் அனைத்திற்கும் நிலையான எண்களை வகுத்தளிக்கும் ஒருங்குறி முறை அதற்குத் தீர்வாயிற்று. இதில் தமிழுக்கு 128 இடங்கள் தனியே ஒதுக்கப்பட்டுள்ளன. ‘அ’ என்பதற்கு 2949, ‘க’ என்பதற்கு 2965. எந்த நாட்டில், எந்தக் கருவியில் திறந்தாலும் இவ்வெண்கள் மாறா. உயிர்மெய் எழுத்துகள் அனைத்திற்கும் தனித்தனி இடம் இதில் இல்லை; ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்களாகவே அமையும். ஒவ்வோர் எழுத்திற்கும் தனியிடம் வேண்டும் என்போரின் கருத்திற்கேற்ப ‘டேஸ் 16’ என்னும் முறையும் வகுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவைச் செம்மொழி மாநாட்டின் போது, ஒருங்குறியைத் தர முறையாகவும் டேஸ் 16ஐ மாற்று முறையாகவும் தமிழக அரசு ஏற்றது.

பார்வையற்ற மாணவர்க்கு ஒருங்குறி ஒரு பெருங்கொடை. திரையில் உள்ளதை ஒலியாக மாற்றிப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் ஒருங்குறித் தமிழைப் படிக்கின்றன. பழைய எழுத்துருவில் அமைந்த பாடக்குறிப்பை அவை படிக்க இயலா. ஆசிரியர் எந்த எழுத்துருவைத் தேர்கிறார் என்பதில் ஒரு மாணவரின் கல்வியே அடங்கியிருக்கிறது.

கேட்க வேண்டிய வினாக்கள்

1999 மாநாட்டின் வெள்ளிவிழாவை ஒட்டி, 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 8 முதல் 10 வரை பன்னாட்டுக் கணித்தமிழ் மாநாடு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெற்றது. பூந்தமல்லியிலிருந்து கிண்டி நோக்கிச் செல்லும் சாலையிலேயே அம்மையம் அமைந்துள்ளது. அம்பத்தூர், ஆவடி வட்டார மாணவர்க்கு அது எட்டாத இடமன்று.

ஆயினும், கண்காட்சிக்குச் சென்று வண்ணத் துண்டறிக்கைகளைப் பை நிறையச் சேர்த்து வருவதால் பயனில்லை. 1964ஆம் ஆண்டு முதல் நம் பகுதியில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை இயங்கி வருகிறது. அங்குச் சிறு பட்டறை நடத்துபவர் ஒரு கடைசல் பொறியை ஓட்டிப் பாராமல் வாங்குவாரா? பழுதானால் யார் வருவார், உதிரிப்பாகம் எங்குக் கிடைக்கும் என்று கேளாமல் முன்பணம் கொடுப்பாரா? அந்த எச்சரிக்கை கல்விக் கருவியை வாங்குவோருக்கும் வேண்டும்.

கருவி ஒருங்குறித் தமிழை ஏற்குமா? சொற்களை அகர வரிசையில் சரியாக அடுக்குமா? இணைய இணைப்பு இல்லாதபோதும் இயங்குமா? ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு? ஒப்பந்தம் முடிந்தால் நாம் உருவாக்கிய பாடங்களை எடுத்துச் செல்ல இயலுமா? மாணவர் பற்றிய விவரங்கள் யாரிடம் இருக்கும்? தமிழைக் கேட்டு எழுதும் கருவி, சென்னைப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் ஒருசேர அறியுமா? இவ்வேழு வினாக்களையும் கேட்டு, நம் கையாலேயே ஒரு பத்தியைத் தட்டச்சு செய்து பார்த்த பின்னரே கருவியை மதிப்பிட வேண்டும். விற்பவர் தாம் பழகிய எடுத்துக்காட்டையே இயக்கிக் காட்டுவார். நாம் கொண்டு சென்ற பத்தியில்தான் கருவியின் தரம் புலப்படும்.

நம் கடமை

இக்கடமையில் தமிழ்த்துறைக்குத் தனிப் பங்கு உண்டு. பொறியியல் மாணவர் கருவியின் வேகத்தை அளப்பார். சந்திப்பிழையையும் சொற்பிரிப்புப் பிழையையும் காண வல்லவர் தமிழ் மாணவரே. எனவே, மாநாட்டிற்குச் செல்லும் குழுவில் தமிழ் மாணவர் இருவரேனும் இடம்பெற வேண்டும். திரும்பி வந்ததும் தாம் கண்டவற்றைத் துறையின் மன்றக் கூட்டத்தில் அறிக்கையாக அளிக்க வேண்டும். கல்லூரியின் பழைய மலர்களை ஒருங்குறிக்கு மாற்றும் பணியையும் அவர்களே தொடங்கலாம். ஒரு மாணவர் ஒரு கட்டுரையை ஏற்றாலும் ஓராண்டில் பல மலர்கள் மறுவாழ்வு பெறும். நிதியுதவி நல்கும் பெரியோர், கருவி வாங்கக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை அதனை இயக்கப் பயிற்றுவதற்கும் ஒதுக்குதல் நலம்.

எழுத்திற்கு இடம் தேடி அறிஞர்கள் கூடிய காலம் கடந்தது. இனி அவ்வெழுத்தால் எதைப் படைக்கப் போகிறோம் என்பதே நம்முன் உள்ள வினா. அடுத்த மாநாட்டிற்குச் செல்லும் நம் மாணவர், பார்வையாளராகச் சென்று வினா தொடுப்பவராக நின்று, விடையோடு திரும்புவாராக!