அரண்மனைக்குள்ளே ஒரு ஊர்: ஸ்ப்ளிட் நகரில் பயணிகளைக் குழப்பும் விஷயம் என்ன?

குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகருக்குப் போகும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "அரண்மனை எங்கே இருக்கு?" என்பதுதான். அவர்கள் நிற்பதே அரண்மனைக்குள்தான்!

யார் கட்டியது?

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், ஓய்வுக்காலத்துக்காக ஏட்ரியாட்டிக் கடலோரம் கட்டியது. கி.பி. 305-ல் பதவி விலகி, இங்கு குடியேறினார்.

ஊரானது எப்படி?

7-ம் நூற்றாண்டில் அருகிலுள்ள சலோனா நகரம் வீழ்ந்தபோது, தப்பி வந்த மக்கள் இந்த மதிலுக்குள் தஞ்சம் புகுந்தனர். அப்படியே தங்கிவிட்டனர். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய டயோக்ளீஷியனின் கல்லறை, பின்னர் தேவாலயமானது. அதுவும் யார் பெயரில்? அவர் ஆட்சியில் கொல்லப்பட்ட ஆயர் டோம்னியஸ் பெயரில்!

போறவங்க கவனிக்க வேண்டியது

தெருக்களைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் கிடையாது. தேவாலயம், மணிக்கோபுரம், நிலவறைகளுக்கு மட்டும் கட்டணம். தேய்ந்துபோன கல்தரை வழுக்கும். பிடிமானமுள்ள செருப்பு அவசியம். கோடையில் சொகுசுக் கப்பல் கூட்டம் இறங்கும் முன், காலையிலேயே கிளம்பிடுங்க. 2023 முதல் இங்கு ஷெங்கன் விசாவும் யூரோவும்தான்.

என்ன சிக்கல்?

1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற இந்த இடத்தின் சிறப்பே, மக்கள் வாழ்வதுதான். ஆனால், வீடுகள் ஒவ்வொன்றாக சுற்றுலா விடுதிகளாகின்றன. வாடகை உயர்வும் இரவுச் சத்தமும் தாங்காமல் குடும்பங்கள் வெளியேறுகின்றன. ஜன்னலில் காயும் துணியை போட்டோ எடுக்கும் முன் ஒரு நிமிஷம் யோசிங்க: அது அருங்காட்சியகம் இல்லை, ஒருத்தர் வீடு.