எலும்புப்புரை இருந்தால் எந்த உடற்பயிற்சி செய்யலாம்?

போன எபிசோடில் டெக்ஸா ஸ்கேன் பற்றிப் பேசினோம். டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதுக்கும் கீழே இருந்தா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரைன்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே மாதிரி கேள்வி அனுப்பியிருக்கீங்க. "அம்மாவுக்கு எலும்புப்புரைன்னு சொல்லிட்டாங்க. இனிமே அவங்க எக்சர்சைஸ் பண்ணலாமா, இல்ல பேசாம உட்கார வைக்கணுமா?"

ஒரு பிசியோதெரபிஸ்டா நான் சொல்றது: உட்கார வைக்காதீங்க. பயந்து உட்கார்ந்தே இருந்தா கால் தசை மெலியும், தடுமாற்றம் கூடும், விழற வாய்ப்பும் கூடும். ஆனா எல்லாப் பயிற்சியும் அவங்களுக்கு ஒத்துவராது. முக்கியமா, குனியற பயிற்சி வேண்டாம்.

ஏன்னு சொல்றேன். நம்ம முதுகெலும்பு, சின்னச் சின்னப் பெட்டிகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி இருக்கு. முதுகை வளைச்சுக் குனியும்போது பாரம் முழுக்க அந்தப் பெட்டிகளோட முன்பக்கத்துல இறங்கும். எலும்பு வலுவிழந்திருந்தா முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி ஆயிடும். பல பேருக்குப் பெரிய வலிகூட இருக்காது. "வயசாச்சு, கூன் விழுது"ன்னு விட்டுடுவோம். கூன் விழுந்தா உடம்போட எடை முன்னால் சாயும். அப்போ சின்னதா கால் தடுக்கினாலும் சமாளிக்க முடியாது. விழுந்தா இடுப்பெலும்பு உடையலாம். அதனாலதான் நிமிர்ந்து நிற்கிறதையும் தடுமாறாம நிற்கிறதையும் நான் தனித்தனியா பார்க்கிறதில்லை.

இதுக்கு ஒரு பழைய ஆய்வு இருக்கு. 1984-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சினாகி, மிக்கெல்சன் இருவரும் வெளியிட்டது. முதுகெலும்பில் எலும்புப்புரை இருந்த 59 பெண்களைக் கவனிச்சாங்க. முன்னால் குனியற பயிற்சி மட்டும் செஞ்சவங்கள்ல 89 சதவீதம் பேருக்குப் புதுசா முதுகெலும்பு நசுங்கியிருந்தது. முதுகை நிமிர்த்துற பயிற்சி மட்டும் செஞ்சவங்கள்ல 16 சதவீதம்தான். பயிற்சியே செய்யாதவங்கள்ல 67 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனா தவறான பயிற்சி, சும்மா இருக்கிறதைவிட மோசமா போகலாம்னு அது எச்சரிக்குது.

அதனால கால் கட்டைவிரலைத் தொடறது, பஸ்சிமோத்தாசனம், படுத்திருந்து எழும்புற சிட்-அப் இதெல்லாம் வேண்டாம். யோகா வகுப்புக்குப் போறவங்க ஆசிரியர்கிட்ட எலும்புப்புரை இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல சுவர் பயிற்சி. சுவர்ல முதுகு சாய்ஞ்சு நில்லுங்க. மோவாயை லேசா உள்ளே இழுத்து, பின்தலையைச் சுவர் பக்கம் கொண்டு போங்க. தலை எட்டலைன்னா கட்டாயப்படுத்தாம, நடுவுல ஒரு துண்டை மடிச்சு வச்சுக்கோங்க. 5 மூச்சு அப்படியே இருக்கலாம்.

ரெண்டாவது, நாற்காலியில் நேரா உட்கார்ந்து, ரெண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் சேர்த்து 5 விநாடி பிடிங்க. 10 தடவை.

மூணாவது, நகராத நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவா உட்காருங்க. முடிஞ்சா கையை ஊன்றாம. தொடைக்கு வலு வரும்.

நாலாவது பேலன்ஸ். சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க. அப்புறம் ஒரு காலுக்கு நேர் முன்னால் இன்னொரு காலை வச்சு நில்லுங்க. அப்புறம் ஒற்றைக் காலில் 10 விநாடி. முதல்ல ரெண்டு கையாலும் பிடிங்க, பழகினா ஒரு கை, அப்புறம் ஒரு விரல் போதும். பக்கத்துல யாராவது இருக்கட்டும். ஈரத்தரை, வழுக்குற சாக்ஸ் வேண்டாம்.

வாரத்துக்கு 3 நாளாவது செய்யணும். "நான்தான் தினமும் வாக்கிங் போறேனே"ன்னு சில அம்மாக்கள் கேட்பாங்க. வாக்கிங் நல்லதுதான், ஆனா பேலன்ஸுக்கு அது மட்டும் பத்தாது.

வீட்டு வேலையும் கணக்குல வரும். பெருக்க, துடைக்க நீளக் கைப்பிடி உள்ளதை வாங்கிக் கொடுங்க. வாளியில் பாதித் தண்ணி போதும். கீழே கிடக்கிறதை எடுக்கும்போது முழங்காலை மடக்கி, முதுகை நேரா வச்சு எடுங்க. குனிஞ்சபடி திரும்பித் தூக்கறதுதான் ரொம்ப ஆபத்து.

திடீர்னு முதுகுவலி வந்தாலோ, இளவயது உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைஞ்சிருந்தாலோ, டாக்டரைப் பார்த்துட்டுத்தான் பயிற்சியை ஆரம்பிக்கணும். ஏற்கனவே எலும்பு முறிஞ்சவங்களும் அப்படித்தான். மாத்திரையை நிறுத்திட்டு அதுக்குப் பதிலா செய்யறது இல்ல இது. மாத்திரையோட சேர்த்துச் செய்யணும்.

இன்னைக்கே அம்மாவைச் சுவர் ஓரமா நிற்க வச்சுப் பாருங்க. பின்தலைக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளின்னு குறிச்சு வச்சுக்கோங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடியும் அளந்து பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.