நீல ஒளித் தட்டு நம்ம வீட்டுக்குத் தேவையா?

(மூன்றாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)

டெக் வந்தது, போயிற்று. வி.சி.டி. வந்தது, போயிற்று. டி.வி.டி.யும் கிட்டத்தட்ட போய்விட்டது. ஆனால் 2006-லேயே உலகச் சந்தைக்கு வந்த ப்ளூரே தட்டு மட்டும் எங்கள் மீன்சுருட்டிக் கடைவீதிக்கு வந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏன் வரவில்லை? இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கினால் பிரயோஜனம் உண்டா? இதுதான் இந்தக் கட்டுரை. நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான்.

முதலில் தட்டு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சி.டி., டி.வி.டி., ப்ளூரே மூன்றும் ஒரே அளவு, 12 சென்டிமீட்டர் விட்டம். மூன்றிலும் கண்ணுக்குத் தெரியாத குழிகள் சுருள் பாதையில் வரிசையாக இருக்கும். லேசர் ஒளி குழியில் பட்டுத் திரும்பும் விதத்தை வைத்து 0, 1 என்று பிளேயர் படிக்கிறது. வித்தியாசம் எல்லாம் ஒளியின் நிறத்தில்தான். சி.டி.க்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டி.வி.டி.க்கு 650, சிவப்பு. ப்ளூரேவுக்கு 405, நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறிதாகும். கட்டை மார்க்கர் பேனாவால் எழுதுவதற்கும் மெல்லிய முனைப் பேனாவால் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தாளில் எத்தனை வரி கூடுதலாக எழுதலாம்!

லென்ஸுக்கும் இதில் பங்கு உண்டு. அலைநீளத்தை லென்ஸின் திறப்பு எண்ணால் வகுத்தால் புள்ளியின் அளவு எப்படி மாறுகிறது என்று தெரியும். டி.வி.டி.க்கு 650-ஐ 0.6 ஆல் வகுத்தால் 1083. ப்ளூரேவுக்கு 405-ஐ 0.85 ஆல் வகுத்தால் 476. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை வர்க்கப்படுத்துங்கள், 5.2 வரும். இப்போது கொள்ளளவைப் பாருங்கள். ஓர் அடுக்கு டி.வி.டி. 4.7 ஜி.பி., ஓர் அடுக்கு ப்ளூரே 25 ஜி.பி., அதாவது 5.3 மடங்கு. இந்தக் கணக்கு நோட்டில் சரியாக வந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி மாளாது. புத்தகத்தில் இருப்பது நிஜமாகவே உலகத்தில் நடக்கிறது!

சரி, இப்போது எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம். என் மாமா கடைவீதியில் சி.டி. கடை வைத்திருந்தார். ஒரு நாள் வாடகை 10 ரூபாய். நான் விவரம் தெரிந்து பார்த்தபோது கடை முடியும் தறுவாயில் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கூட்டம் நிற்குமாம். 2007-இல் மோசர் பேர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. டெல்லியில் 1983-இல் தொடங்கிய, வெற்றுத் தட்டு தயாரித்த கம்பெனி அது. தமிழ்ப் படங்களும் அந்த விலைக்கு வந்தன. திருட்டு சி.டி.யின் விலைக்குப் பக்கத்தில் அசல் தட்டு! அதற்கு முன்பு திருட்டு வீடியோ எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்றால், 2004-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. அந்த மோசர் பேர் நிறுவனமே 2018-இல் கலைப்புக்குப் போனது.

மாமா கடையில் டி.வி.டி.யைவிட வி.சி.டி.தான் அதிகம் ஓடியதாம். "படிக்காத சனங்க, தரம் தெரியாம வாங்கிட்டாங்க" என்று சிலர் கேலியாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

சாதாரணக் கண்ணால் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. திரையில் உள்ள ஒரு வரியின் உயரத்தை 3438 ஆல் பெருக்கினால் ஒரு தூரம் கிடைக்கும். அதைத் தாண்டி உட்கார்ந்தால் அதைவிட நுணுக்கமான படம் கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

2006 செப்டம்பரில் தொடங்கி அரசு வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டி.வி. கொடுத்தது அல்லவா, அது 14 அங்குலம். எங்கள் வீட்டிலும் அதுதான். அதன் திரை உயரம் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். வி.சி.டி. படத்தில் 288 வரிகள். ஒரு வரிக்கு முக்கால் மில்லிமீட்டர் கூட வரவில்லை. 3438 ஆல் பெருக்கினால் சுமார் 2.5 மீட்டர், எட்டடிக்குக் கொஞ்சம் மேல். எங்கள் வீட்டுக் கூடத்தில் சுவரோரம் பாய் போட்டு உட்கார்ந்தால் டி.வி.க்கும் நமக்கும் எட்டடிதான்! ஆக அந்த டி.வி.யில், அந்தத் தூரத்தில், வி.சி.டி.க்கு மேல் என்ன கொடுத்தாலும் வரி நுணுக்கத்தில் பெரிதாக ஒன்றும் கூடியிருக்காது. வி.சி.டி.யில் கட்டம் கட்டமாகத் தெரியும், இரண்டு மூன்று தட்டு மாற்ற வேண்டும், அதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனால் 10 ரூபாய் வாடகைக்கு எங்கள் சனங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எச்.டி.எம்.ஐ. துளையே இல்லாத அந்தப் பெட்டியில் ப்ளூரேவின் முழு நுணுக்கத்தைக் காட்ட வழியே கிடையாது.

இப்போது வீடுகளில் 32 அங்குல எல்.இ.டி. வந்துவிட்டது. உயரம் சுமார் 40 சென்டிமீட்டர். அதில் டி.வி.டி.யின் 576 வரிக்கு வரும் தூரம் ஏழே முக்கால் அடி. ப்ளூரேவின் 1080 வரிக்கு நாலடி. அதாவது எட்டடியில் உட்கார்ந்தால் நல்ல டி.வி.டி.யே போதும். ப்ளூரேவின் முழு அழகு தெரிய டி.வி.க்கு நாலடியில் உட்கார வேண்டும், அப்புறம் அம்மா "கண்ணு கெட்டுப் போகும், தள்ளி உக்காரு" என்பார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. குறைந்த விலை 32 அங்குல டி.வி. பலவற்றில் இருப்பதே 768 வரிதான். பெட்டியின் மேல் எச்.டி. என்று ஒட்டியிருக்கும், ஆயிரத்து எண்பது வரியை உள்ளே விட்டால் அது சுருக்கித்தான் காட்டும்.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் ஊர் திரும்பும் முன் போன் செய்தார். "தம்பி, இங்க ஒரு ப்ளூரே பிளேயர், கூடவே நாப்பது படம், பன்னண்டாயிரத்துக்குத் தர்றாங்க. எடுத்துட்டு வரவா?" அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். மிக்ஸி ஓடாவிட்டாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கேட்பார்கள். பன்னிரண்டாயிரம் என்பது எங்களுக்கு முந்திரி சீசன் பணம். வாயில் வந்ததைச் சொல்ல முடியுமா?

அண்ணனுக்கு நான் முதலில் சொன்னது மண்டலக் குறியீடு பற்றி. ப்ளூரே தட்டுகளை உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து விற்றார்கள். சிங்கப்பூர் ஏ. இந்தியா சி. மண்டலப் பூட்டு போட்ட இந்தியத் தட்டு அந்த பிளேயரில் ஓடாது. கெட்டுப் போனால் அங்கிருந்து கொண்டுவந்ததற்கு இங்கே லென்ஸ் கிடைக்குமா என்பது வேறு. (2016-இல் வந்த 4கே ப்ளூரே தட்டில் இந்த மண்டலத் தொல்லை இல்லை.) மேலும் மாமா கடை மூடியபோது மிஞ்சிய ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வி.சி.டி. வீட்டில் கிடக்கிறது. ப்ளூரே பிளேயர் டி.வி.டி.யைப் படிக்கும், வி.சி.டி.யை எல்லா பிளேயரும் படிக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் ப்ளூரே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 55 அங்குல டி.வி. இருந்தால் கணக்கே மாறுகிறது. 1080 வரிக்கான தூரம் ஏழடியாகிறது, டி.வி.டி.க்குப் பதின்மூன்றடி. எட்டடியில் இருந்து பார்த்தால் டி.வி.டி. மங்கல் என்று யாருக்கும் புரியும். கல்லூரியில் புரொஜெக்டர் வைத்துப் படம் போடுகிறவர்களுக்குச் சந்தேகமே வேண்டாம், ப்ளூரேதான்.

"அதுதான் செல்போனில், ஓ.டி.டி.யில் எச்.டி. வருகிறதே" என்று கேட்கலாம். வரிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதில்தான் சூட்சுமம். முழு எச்.டி.க்கு நெட்பிளிக்ஸ் கேட்பது நொடிக்கு 5 மெகாபிட். ப்ளூரேவில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம். முகம் மட்டும் தெரியும் காட்சியில் வித்தியாசம் தெரியாது. அடைமழை, புழுதி, தேர்த் திருவிழாக் கூட்டம் என்று வரட்டும், ஓ.டி.டி. படம் கலங்கிய குளம் மாதிரி ஆகிவிடும். அதோடு 5 மெகாபிட் என்றால் மணிக்கு 2.25 ஜி.பி. தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டவர் நாற்பது நிமிடத்தில் இடைவேளை கூடப் பார்க்க முடியாது! ஆனாலும் 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்ததும் சனங்கள் அதற்கே போய்விட்டார்கள். மாமா கடையும் அப்போதுதான் மூடியது. அதற்கு ஒரு வருடம் முன், 2015-இல், இயக்குநர் சேரன் 'சி டு எச்' என்ற திட்டத்தில் தன் புதுப்படத்தையே 50 ரூபாய் டி.வி.டி.யாக நேராக வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். நல்ல யோசனை. காலம்தான் கடந்துவிட்டது.

உலக அளவிலும் தட்டின் நிலைமை இறங்குமுகம்தான். ஆரம்பத்தில் சோனி தரப்பின் ப்ளூரேவும் தோஷிபாவின் எச்.டி. டி.வி.டி.யும் மோதின. 2008 பிப்ரவரியில் தோஷிபா கைவிட்டது. அதுவரை அந்த பிளேயரை வாங்கியவர்கள் பாவம். ஜெயித்த ப்ளூரேவுக்கும் நிம்மதி இல்லை. 2019-இல் சாம்சங் அமெரிக்காவில் புது பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தியது. 2023 செப்டம்பரில் நெட்பிளிக்ஸ் தபாலில் தட்டு அனுப்புவதை முடித்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் சோனி, நாமே பதிவு செய்யும் வெற்று ப்ளூரே தட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. சினிமா பதிந்து வரும் தட்டுகள் வேறு, அவை இன்னும் வருகின்றன.

ஆக, பார்ப்பதற்கு என்றால் 32 அங்குல வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் முடிவு. வைத்துக்கொள்வதற்கு என்றால்? அங்கேதான் நான் ப்ளூரே பக்கம் சாய்கிறேன். ஓ.டி.டி.யில் இன்றைக்கு இருக்கும் படம் ஒப்பந்தம் முடிந்தால் நாளைக்கு இருக்காது. அலமாரியில் இருக்கும் தட்டை யாரும் எடுத்துப் போக முடியாது. சத்யஜித் ரேயின் அபு படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் தீயில் கருகின. மிஞ்சியதைக் கொண்டு சீர்செய்து 2015-இல் ப்ளூரேவாக வந்தன. நம் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று பார்க்க ஒரு பிரதி கூட இல்லை. 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டருக்கு வந்தபோது எவ்வளவு கூட்டம்! அப்படி நல்ல பிரதியில் இருந்து எடுத்த பழைய படம் ப்ளூரேவில் கிடைத்தால், டி.வி. சிறியதாக இருந்தாலும் வாங்கலாம். டி.வி.யை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

தட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீறல் விழுந்த சி.டி.யில் பற்பசை தேய்த்து ஓட்டுவது நம்ம ஊர் வைத்தியம். அது ஓரளவு பலிப்பதற்குக் காரணம், சி.டி.யில் குழிகளுக்குக் கீழே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது. ப்ளூரேவில் அது 0.1 மில்லிமீட்டர்தான். மேலே கடினப் பூச்சு இருப்பதால் லேசில் கீறாது. கீறினால் பற்பசைக்கு அங்கே வேலையில்லை. சி.டி.யில் பெயர் அச்சடித்த மேல்பக்கம்தான் ஆபத்தான பக்கம் என்பதும் பலருக்குத் தெரியாது. மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே அலுமினியம். அங்கே கீறினால் தகவலே போச்சு.

கடையில் அச்சடித்து வரும் தட்டைவிட, ஸ்டுடியோவில் எழுதிக் கொடுக்கும் தட்டு சீக்கிரம் கெடும். அதில் குழி கிடையாது, சாயம்தான். வெயிலிலும் புழுக்கத்திலும் அந்தச் சாயம் வெளுக்கும். என் அப்பா அம்மா கல்யாண கேசட்டை அப்படித்தான் சி.டி.யாக மாற்றி வைத்திருந்தோம். தாத்தா நடந்து, பேசி, பந்தியில் "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துப்பா" என்று சொல்லும் ஒரே பதிவு அதுதான். நான் பார்த்தறியாத தாத்தா. போன லீவில் அதைக் கம்ப்யூட்டரில் போட்டபோது முதல் தட்டு முழுதாக ஏறியது. இரண்டாவது பதினோராவது நிமிடத்தில் நின்று நின்று வந்தது. வேறு டிரைவில் போட்டதும் படித்தது. இப்போது ஹார்டு டிஸ்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, அத்தை வீட்டில் ஒன்று என்று மூன்று பிரதி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பீரோவிலும் அப்படி ஒரு தட்டு கட்டாயம் இருக்கும். இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். டிரைவ் இல்லாதவர்கள் என்னிடம் கொண்டு வரலாம், காசு வேண்டாம்.