காரை கேஸுக்கு மாற்றலாமா? மிச்சம் எவ்வளவு, ஆபத்து எங்கே?

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் சுமார் 50 கி.மீ. திருச்செந்தூர் சுமார் 60 கி.மீ. தாமிரபரணிக் கரையோரச் சாலைகளில் தினமும் டிரிப் அடிக்கும் வேன், கார்காரர்களுக்கு பெட்ரோல் செலவுதான் பெரிய தலைவலி. ‘பேசாம கேஸுக்கு மாத்திருவோமா?’ என்ற யோசனை பலருக்கும் வருகிறது.

தாராளமாக மாற்றலாம். 2000-ம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் எல்பிஜியை அனுமதிக்கிறது. மாற்று எரிபொருள் நம்ம ஊருக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரி வாயுவில் வண்டி ஓட வழி செய்தவர், திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

எப்படி ஓடுகிறது?

புரொப்பேன், பியூட்டேன் வாயுக்களை அழுத்தித் திரவமாக்கியதே எல்பிஜி. டிக்கியில் உள்ள டேங்கிலிருந்து திரவமாகவே வந்து, என்ஜினைச் சுற்றி ஓடும் சூடான தண்ணீரின் வெப்பத்தில் ஆவியாகி, என்ஜினுக்குள் போகிறது. பெட்ரோல் டேங்க் அப்படியே இருக்கும். புதிய வகை கிட்களில் வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, என்ஜின் சூடானதும் தானாக கேஸுக்கு மாறும்.

எவ்வளவு மிச்சம்?

ஒரு லிட்டர் எல்பிஜியில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. எனவே மைலேஜ் குறையும். பெட்ரோலில் 16 கி.மீ. தரும் கார், கேஸில் 13 கி.மீ.க்குள்தான் தரும்.

கணக்குக்காக பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் 65 ரூபாய், கிட் 35,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கி.மீ.க்கு ஒரு ரூபாய் சொச்சம் மிச்சமாகும். போட்ட காசு திரும்ப சுமார் 30,000 கி.மீ. ஓட வேண்டும். தினமும் 100 கி.மீ. ஓடும் டிரிப் வண்டிக்கு அது 10 மாதம். மாதம் 500 கி.மீ. ஓடும் வீட்டுக் காருக்கு 5 வருஷம்! வழக்கமாகப் போகிற பாதையில் எல்பிஜி பங்க் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

வீட்டு சிலிண்டர் ஏன் கூடாது?

‘அண்ணாச்சி, வீட்டு சிலிண்டரையே மாட்டிக்கிடலாம், யாருக்குத் தெரியப் போவுது?’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு கேஸுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வாகன கேஸுக்கு 18 சதவீதம். இந்த விலை வித்தியாசம்தான் ஆசை காட்டுகிறது.

வாகன டேங்கில் 80 சதவீதம் நிரம்பியதும் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு உண்டு. வெயிலில் திரவம் விரிவடைய மீதி இடம் வேண்டும். 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரிலிருந்து மோட்டார் வைத்து டேங்குக்கு ஏற்றும்போது கேஸ் கசிந்தால், அது காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். மோட்டாரில் ஒரு பொறி பறந்தாலே போதும், மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். இப்படி வீட்டு கேஸை வாகனத்துக்குப் பயன்படுத்துவது அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி குற்றமும்கூட.

என்ன செய்ய வேண்டும்?

* உங்கள் கார் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட்டை மட்டும், கிட் நிறுவனம் அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்பில் பொருத்துங்கள்.

* மாற்றியதை 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்சியில் பதிவு செய்யுங்கள்.

* இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் சொல்லுங்கள். மறைத்தால் விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

* டேங்கை 5 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.

* கேஸ் வாடை வந்தால் என்ஜினை நிறுத்தி, டேங்க் வால்வை மூடி, எல்லோரும் இறங்கிவிடுங்கள். சுவிட்ச் எதையும் தொட வேண்டாம்.

பழைய வேன் வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் டயரையும் பார்த்தால் மட்டும் போதாது. டிக்கியில் கேஸ் டேங்க் இருந்து, ஆர்சியில் வெறும் ‘பெட்ரோல்’ என்று இருந்தால், அந்த வண்டியை அப்படியே வாங்காதீர்கள்.