ஆமைக்குப் பாடம் நடத்தும் பிள்ளைகள்

சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை. ஏழாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். கணினித் திரையில் ஓர் ஆமை இருக்கிறது. அது நகர்ந்தால் கோடு விழும். அதைக் கொண்டு ஒரு முக்கோணம் வரையச் சொல்லுங்கள். '100 அடி முன்னே போ, 60 பாகை வலப்பக்கம் திரும்பு. இதை மூன்று முறை செய்' என்று பிள்ளை கட்டளை எழுதும். ஆமையும் சொன்னபடியே செய்யும். ஆனால் திரையில் விழுவது முக்கோணமல்ல, பாதி அறுகோணம்!

தவறு எங்கே? ஆமை நடந்ததைப் போலவே எழுந்து நடந்து பார்த்தால் விளங்கிவிடும். மூலையில் நாம் திரும்புவது உள்கோணத்தின் அளவுக்கு அல்ல, வெளிக்கோணத்தின் அளவுக்கு. அது 120 பாகை. மூன்று திருப்பங்களையும் கூட்டினால் 360. சதுரத்துக்கு நான்கு 90, அதுவும் 360. ஐங்கோணத்துக்கு 360-ஐ ஐந்தால் வகுத்து, 72 பாகை திரும்பச் சொல்ல வேண்டும். ஓர் அடி போய் ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்தால், வட்டமாகவே தெரியும் உருவம் வந்துவிடும். வெளிக்கோணங்களின் கூடுதல் 360 என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை கண்டுபிடித்துவிட்டது.

இந்த ஆமை வாழும் கணினி மொழியின் பெயர் லோகோ. குழந்தைகளுக்கென்றே 1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபியூர்ஸைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் முதலியோர் உருவாக்கியது. முதல் ஆமைகளில் ஒன்று, பேனாவைச் சுமந்துகொண்டு தரையில் ஊர்ந்த எந்திரம். திரைக்குள் ஆமை குடியேறியது பிறகுதான்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞரான பேப்பர்ட், அதற்கு முன் ஜெனீவாவில் உளவியலாளர் ழான் பியாஜேவுடன் பணியாற்றியவர். அறிவைக் குழந்தை தானே கட்டியெழுப்பிக்கொள்கிறது என்பது பியாஜேவின் கொள்கை. பிறருக்குக் காட்டக்கூடிய ஒரு பொருளைக் கையால் செய்யும்போது அந்தக் கட்டுமானம் இன்னும் உறுதிப்படுகிறது என்றார் பேப்பர்ட். கணினி பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கூடாது, பிள்ளைதான் கணினிக்கு நடத்த வேண்டும் என்பது அவர் கட்சி. 1980-ல் வெளிவந்த அவரது 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் பெயரைத்தான் லெகோ நிறுவனம் 1998-ல் தன் ரோபோ பொம்மைகளுக்குச் சூட்டியது.

லோகோ கற்றால் சிந்தனைத் திறன் தானாக வளர்ந்துவிடுமா? நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லாண்ட் இருவரும் 1980-களில் சோதித்துப் பார்த்தார்கள். வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்தால் சீக்கிரம் முடியும் என்று திட்டமிடச் சொன்னபோது, ஓராண்டு லோகோ பழகிய பிள்ளைகளும் பழகாதவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

ஆனால் டேவிட் கிளார், ஷாரன் கார்வர் ஆகியோர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு வேறு முடிவைக் காட்டியது. அவர்கள் மொழியோடு நிற்கவில்லை. பிழை கண்டுபிடிக்கும் முறையையும் படிப்படியாகக் கற்பித்தார்கள். வரவேண்டியது என்ன, வந்திருப்பது என்ன, வித்தியாசம் எப்படிப்பட்டது, எந்த வரி அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று தேடப் பழகிய பிள்ளைகள், கணினியே இல்லாத இடத்திலும், காகிதத்தில் எழுதிய வழிக்குறிப்புகளில் இருந்த தவறுகளை முன்பைவிடத் திறமையாகக் கண்டுபிடித்தார்கள்.

ஆக, பலன் கட்டளைகளை மனப்பாடம் செய்வதில் இல்லை, பிழையைத் துரத்திப் பிடிக்கும் பழக்கத்தில் இருக்கிறது. விடைத்தாளில் தவறுக்குச் சிவப்பு மையும் மதிப்பெண் இழப்பும்தான் கிடைக்கும். புரோகிராமில் அப்படியில்லை, அதைத் திருத்தி மீண்டும் ஓடவிடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்.

லோகோவின் வழிவந்த, 2007-ல் வெளியான ஸ்கிராட்ச் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. பைத்தான் மொழிக்குள்ளும் அதே ஆமை இருக்கிறது. பிள்ளையைக் கோடிங் வகுப்பில் சேர்க்கும் பெற்றோரே, எத்தனை மொழி கற்றுத்தருவார்கள் என்று கேட்பதைவிட, புரோகிராம் ஓடாதபோது ஆசிரியர் என்ன செய்வார் என்று கேளுங்கள். சரியான வரியை அவரே தட்டிக்கொடுப்பார் என்றால் அந்தக் கட்டணம் வீண்.